கல்லுக்கு இந்தப் பக்கம்

சோலோதுர்னில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வாகனங்கள் அநேகமாக இருப்பதில்லை. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பாதசாரிகளுக்கான விளக்கு மட்டும் தன்பாட்டில் சிவப்பாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டிருக்கும். ரயில் நிலையத்திலிருந்து வருபவர்கள் இடமும் வலமும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிவப்பிலேயே கடந்துவிடுவார்கள். சுவிஸ்காரர்களும் கடப்பார்கள். அவர் கடக்க மாட்டார். நடைபாதையின் விளிம்பில் நின்று, குளிருக்காக, இருந்த இடத்திலேயே மெதுவாக ஓடுவார். முழங்கால்கள் மாறி மாறி உயரும். பார்வை விளக்கை விட்டு அகலாது. நான் அவரை முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். மெலிந்த, உயரமான, முப்பதுகளின் நடுவில் இருக்கக்கூடிய ஒரு தமிழர், வெறிச்சோடிய சாலையின் ஓரத்தில், எங்கும் போகாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

“வண்டி ஒண்ணும் வரலையே, அண்ணா” என்றேன்.

அந்த ஊரில் அந்த நேரத்தில் தமிழ் கேட்டதற்கு அவர் வியப்படையவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

“ஓம், வரேல்லை. ஆனா சிவப்பிலை போகக்கூடாது எண்டு சொல்லியிருக்கினம்.”

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. பின்னாளில் கேட்டபோதும் விடை கிடைத்ததில்லை. ‘சொல்லியிருக்கினம்’ என்பது அவர் நாளொன்றுக்குப் பலமுறை சொல்லும் சொல். அதற்குப் பின்னால் முகம் எதுவும் இருந்ததில்லை.

என் தகப்பனார் பாசலில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் அங்கே பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைச் சுவிட்சர்லாந்தின் மாநிலங்களுக்குப் பகிர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழும் ஜெர்மனும் ஒருங்கே தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஞாயிறுதோறும் சோலோதுர்னுக்குப் போய், தேவாலயத்துக் கூடத்தில் அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. நான் அதிகம் பேசுபவள் அல்லள். பிறருடைய பேச்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமந்து செல்வது எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.

சிவப்பு விளக்கின் முன் நான் கண்டவர் வேறு சில இளைஞர்களோடு ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர்கள் அவரைச் ‘சட்டத்தார்’ என்றே அழைத்தார்கள். அந்த வீட்டில் நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை சத்தம் போடக்கூடாது என்பது ஒழுங்கு. ஒருமுறை நான் அங்கே இருந்தபோது ஓர் இளைஞன் கேட்டான்:

“சட்டத்தார், எனக்கு இருமல் வருது. இருமலாமோ?”

“ஒரு மணியாக இன்னும் கொஞ்ச நேரம்தானே கிடக்கு. அடக்கேலாட்டி தலையணையிலை வைச்சு இருமு.”

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்து முடியும் வரை, ஏன் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலவறையில் இருந்த சலவை இயந்திரம் இன்னும் பேசப்பட்ட கதை. ஒவ்வொரு வீட்டாருக்கும் வாரத்தில் ஒரு நாள். மாலையில் குறித்த நேரத்துக்குச் சாவியை அடுத்த வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை இயந்திரம் இடையில் நின்று மறுபடி ஓடியதால் நேரம் தப்பிவிட்டது. அவர் துணிகளை நுரையோடு அள்ளி வாளிகளில் போட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கீழ் வீட்டு மூதாட்டி, தனக்கு அவசரம் ஏதும் இல்லை, முடித்துக்கொள்ளுங்கள் என்று சைகையால் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் கும்பிட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார். அந்த வாரம் முழுவதும் வீட்டிலிருந்த எல்லாருடைய சட்டைகளும் காய்ந்த சவர்க்காரத்தால் விறைத்துக்கொண்டு நின்றன.

இவ்வளவுக்கும் அடியில் ஒரே ஓர் அச்சம் இருந்தது. அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஒரு பிழை விட்டால், அது எங்கோ எழுதப்பட்டு, அதைக்கொண்டே தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவர் உறுதியாக நம்பினார். எவ்வளவு சிறிய பிழை என்பது அவருக்குத் தெரியாது. ஆகையால் எந்தப் பிழையும் விடாதிருப்பதே வழி.

அந்த நம்பிக்கையின் விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய தங்கை கணவரோடு வில் என்ற ஊரில் இருந்தார். ரயிலில் ஒரு முற்பகல் தூரம். ஆனால் வில் வேறு மாநிலம். மாநிலத்தை அவர்கள் ‘கன்ரோன்’ என்றார்கள். சோலோதுர்னில் கொண்டுவந்து இறக்கிய நாளில் யாரோ ஒருவர் அவரிடம், இதுதான் உன்னுடைய கன்ரோன், இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் அன்றிலிருந்து அதன் எல்லையைத் தாண்டவில்லை. வீட்டிலிருந்த மற்றவர்கள் சனிக்கிழமைகளில் சூரிச்சுக்குப் போய் மிளகாய்த்தூளும் அரிசியும் வாங்கி வந்தார்கள். அவர் அதைச் சமைத்துச் சாப்பிட்டார்; வாங்கப் போகவில்லை.

தங்கைக்கு அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது பேசவும் தொடங்கியிருந்தது. அவர் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து அதனுடைய குரலை மட்டும் கேட்பார். ஒருநாள் தங்கை என்னோடு கதைக்க வேண்டும் என்றதால் அவர் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“அக்கா, நீங்களாவது அண்ணைக்குச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு இன்னும் காது குத்தேல்லை. மாமன்ரை மடியிலை இருத்தாமல் குத்தக்கூடாதெண்டு அம்மா ஊரிலை இருந்து சொல்லிப்போட்டா. இஞ்சை எல்லாரும் பெடியனோ பெட்டையோ எண்டு கேக்கினம்.”

“நீங்க குழந்தையோட இங்க வரலாமே?”

“அண்ணை விடுறாரோ? நானும் கன்ரோனை விட்டு வெளிக்கிடக்கூடாதாம். அப்பா இல்லாத வீட்டிலை என்னை வளர்த்த மனுசன், எப்பிடி மீறுறது? என்ரை இவர் சூரிச், பேர்ண் எண்டு திரியிறார். ஒருத்தரும் பிடிக்கேல்லை.”

கூண்டுக்கு வெளியே நின்றவருக்கு அது கேட்டுவிட்டது.

“இன்னும் பிடிக்கேல்லை எண்டு சொல்லச் சொல்லுங்கோ” என்றார்.

அவர் ஓடத் தொடங்கியதும் இந்த எச்சரிக்கையின் ஒரு கிளைதான். நகரத்துக்கு மேலே, ஜூரா மலைத்தொடரின் முகட்டில் இருந்த ஒரு விடுதியின் சமையலறையில் அவர் பாத்திரம் கழுவினார். மலைக்குக் கம்பியில் தொங்கியபடி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஒரு நாற்காலி இழுவை உண்டு. காற்று பலமான நாட்களில் அதை நிறுத்திவிடுவார்கள். இழுவை ஓடாவிட்டால் ஊழியர்கள் வரத் தேவையில்லை. ஆனால் அவரிடம் காலை ஏழு மணிக்கு வேலை என்று சொல்லியிருந்தார்கள். காற்றைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனவே காட்டுப்பாதை வழியாக ஓடியே ஏறினார். சமையலறைப் பொறுப்பாளர், அகன்ற தோள்களும் உரத்த குரலும் கொண்ட ஒரு மாது. அந்த மாதைச் சட்டத்தார் ‘செஃப்பம்மா’ என்று அழைப்பார். மூடியிருந்த விடுதியின் வாசலில் ஒரு புயற்காலையில் அவர் ஆவி பறக்க நின்றதைச் செஃப்பம்மா மேல்மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே அவரை மலையடிவாரத்து உடற்பயிற்சிக் கழகத்தாரிடம் பேசி, அவர்கள் நடத்தும் குளிர்கால மாரத்தானில் சேர்த்துவிட்டார். அவர்கள் அனுப்பிய தாளோடு அவர் என்னிடம் வந்தார்.

“மரதன் எங்கடை பள்ளிக்கூடத்திலையும் வைக்கிறவை. அது றோட்டிலை. இது பனிக்குள்ளையாம். என்னென்ன சொல்லியிருக்கினம் எண்டு ஒண்டும் விடாமல் வாசியுங்கோ.”

சிவப்புக் கொடிகளின் வழியே ஓட வேண்டும். குறுக்குவழி கூடாது. குப்பை போடக்கூடாது. காற்றுத் தடுப்பு மேலாடை ஒன்று உடன் இருக்க வேண்டும். இடையில் விலகுபவர், எல்லாருக்கும் பின்னால் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு வரும் கடைசி ஆளிடம் தம் நெஞ்சில் கட்டிய இலக்கத் துணியை ஒப்படைக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாதை எந்த மாநிலத்தின் வழியாகப் போகிறது என்று தாளில் இல்லை. அது தெரிய வேண்டிய ஆட்கள் யாரும் அந்த ஓட்டத்தில் அதுவரை ஓடியிருக்கவில்லை.

பிப்ரவரியின் கடைசி ஞாயிறு அன்று ஓட்டம். அதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை முகட்டில் பனி இறுகிக் கிடந்தது. பிறகு மேற்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று வந்தது. ஒரு நாள் மழையும் பெய்தது. நானும் செஃப்பம்மாவும் முகட்டின் மேற்குப் பகுதியில் மேசை போட்டு, ஓடுபவர்களுக்குச் சூடான ரசம் கொடுக்க நின்றோம். ரசம் என்றால் நம்முடையது அல்ல, எலும்பு வேகவைத்த சாறு. மேசைக்குப் பக்கத்தில் தொப்பியளவு கல் ஒன்று பனிக்கு மேல் தலைநீட்டிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அது வளர்ந்தது. முதல் ஓட்டக்காரர் வந்தபோது முழங்கால் உயரம் வெளியே தெரிந்தது. அதன் ஒரு முகத்தில் ஒரு கேடயம். மறுமுகத்தில் ஒரு கரடி. நான் அதை ஒரு பழைய கல் என்று மட்டுமே நினைத்தேன்.

இளகிய பனியில் ஓடுவது எப்படி என்பதை அன்று நெடுநேரம் பார்த்தேன். மேலே மெல்லிய ஓடு. அதற்குக் கீழே நீர் ஊறிய சர்க்கரை போன்ற ஒன்று. அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஓடுகின்ற தண்ணீர். முன்னால் போனவரின் காலடி பின்னால் வருபவருக்குக் குழி. எடை கூடியவர்கள் முழங்கால் வரை இறங்கி, கையை ஊன்றி, காலை உருவி எடுத்தார்கள். சப்பாத்து உள்ளேயே தங்கிவிட, ஒருவர் பனிக்குள் கைவிட்டுத் தேடினார். எல்லாரும் மிதித்த பாதை சாம்பல் நிறக் கூழாகிவிட்டது. அவர் அதில் ஓடவில்லை. கொடிகளை விட்டு விலகாமல், ஆனால் கூழின் ஓரமாக, தேவதாரு மரங்களின் நிழல் விழுந்து இன்னும் சற்று இறுகியிருந்த பனியில் வந்தார். உடல் அசையவில்லை, கால்கள் மட்டும் சிறு சிறு எட்டுகளாகத் தொட்டு மீண்டன. முந்திய ஞாயிறு இதைப் பற்றி என்னிடம் சொல்லியிருந்தார்: “சேத்து வயல் மாதிரித்தான், தங்கச்சி. காலை ஊண்டக்கூடாது. ஊண்டினால் இழுத்துப்போடும். வைக்க முன்னம் எடுத்துப்போடோணும்.”

அவர் முன்னணியில் இருந்தார். செஃப்பம்மா அகப்பையை உயர்த்திக் கூவினார். அவர் எங்களை நோக்கி வந்து, ரசக் கிண்ணத்துக்குக் கை நீட்டி, கல்லைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

“தங்கச்சி, இந்தக் கரடி பேர்ண் கார்களின்ரை நம்பர் தகட்டிலை கிடக்கிறதெல்லோ?”

“ஆமா.”

“அப்ப கல்லுக்கு அங்காலை பேர்ணோ?”

அது மாநில எல்லைக்கல் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல எனக்கு வராது.

“ஆமா, அண்ணா. கொஞ்ச தூரம்தான். கீழ தெரியுற பண்ணை வீட்டைச் சுத்திட்டுத் திரும்ப இந்தப் பக்கமே வந்துடுது.”

“எவ்வளவு தூரம் எண்டு நான் கேக்கேல்லை.”

அவர் கல்லுக்கு ஓரடி முன்னால் நின்று, அதே இடத்தில் ஓடத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிக் கல்லையும் தாண்டிச் சரிவில் இறங்கினார்கள். செஃப்பம்மா, சுளுக்கா என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னதும் உரக்கச் சிரித்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். பிறகு அகப்பையால் கல்லின் தலையில் தட்டி, இது மாடுகள் முதுகு சொறிவதற்கு நட்ட கல் என்றார். அதுவும் போதாமல், எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காலை மாற்றி மாற்றி வைத்து, பார், வானம் இடிந்து விழவில்லை என்று காட்டினார். பனியில் ஒருமுறை தடுமாறி உட்கார்ந்தும் விட்டார்.

“செஃப்பம்மா சுவிஸ்தானே” என்றார் அவர் பணிவாக. “அவ போகலாம்.”

“ஓட்டத்துல போறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அண்ணா. நிச்சயமாத் தெரியும்.”

“நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும், தங்கச்சி. ஆனா நீங்கள் அவை இல்லை.”

அப்போது அடிவாரத்துக் கிராமத்தின் போலீஸ்காரர் வந்து சேர்ந்தார். அவரும் ஓட்டத்தில் இருந்தார். நெஞ்சில் இலக்கம், முழங்கால் வரை நனைந்த காலுறை, பீட்ரூட் நிறத்தில் முகம். செஃப்பம்மா அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். போலீஸ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, போகலாம், தாராளமாகப் போகலாம், நானே சொல்கிறேன் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் போலீஸ்காரரை மேலிருந்து கீழ் வரை மரியாதையோடு பார்த்தார்.

“இண்டைக்கு இவர் டியூட்டியிலை இல்லை. களிசானோடை நிண்டு சொன்னால் அது சொன்னதாகாது. கோவிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

நான் அதையும் மொழிபெயர்த்தேன். போலீஸ்காரர் தன் அரைக்காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் கல்லைத் தாண்டி ஓடிவிட்டார்.

திரும்பிப் போய்விடலாமே என்றேன். முடியாது, இலக்கத் துணியைக் கடைசி ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் இன்னும் மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ தெரியாது. அவர் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு காத்திருந்தார். செஃப்பம்மா ஒரு போர்வையை அவர் தோளில் போட்டார். ரசத்தைக் குடிக்கும்போதும் முழங்கால்கள் நிற்கவில்லை. பிறகு எங்களைத் தாண்டிச் சென்றவர்கள் குறைந்து, நின்றுபோனார்கள். மரங்களிலிருந்து நீர் சொட்டும் ஒலி மட்டும் இருந்தது. அவருடைய காலடியில் பனி கரைந்து, ஒரு பள்ளம் விழுந்து, அதன் அடியில் போன கோடையின் பழுப்புப் புல் தெரிந்தது. கடைசி ஆள், நீண்ட மீசையோடு, தோளில் கொடிக்கட்டோடு வந்தபோது அவர் புல்லின் மேல் ஓடிக்கொண்டிருந்தார். இலக்கத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

நாங்கள் நடந்தே இறங்கினோம். வழியில் ஒரு திருப்பத்தில், நான் எதுவும் கேட்காமலேயே, அவர் பேசினார்.

“ஊரிலை சந்தியிலை ஆமிச் சென்றி ஒண்டு இருந்தது, துவக்கோடை காவல் நிப்பினம். கிட்ட வரேக்கை சைக்கிளாலை இறங்கி உருட்டிக்கொண்டு போகவேணும் எண்டு சொல்லியிருந்தவை. நான் இறங்கிட்டன்.”

வழியில் சாய்ந்திருந்த ஒரு கிளையை அவர் எனக்காக விலக்கிப் பிடித்தார்.

“தம்பி இறங்கேல்லை. பின்னாலை பாட்டுப் படிச்சுக்கொண்டு வந்தவன். மறந்துபோனான்.”

அந்த நாளிலிருந்து, சிவப்பு விளக்கின் முன் அவர் நிற்கும்போது நானும் நின்றேன்.

ஆனால் போலீஸ்காரரைப் பற்றி அவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. அடுத்த வாரம், வழக்கத்துக்கு மாறாக, நானே ஒரு யோசனை சொன்னேன்.

“அண்ணா, அன்னிக்கு அவர் டியூட்டில இல்லை. இன்னிக்கு இருக்கார்.”

அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்தார்.

கிராமத்துக் காவல் நிலையம் ஒற்றை அறை. போலீஸ்காரர் சீருடையில்தான் இருந்தார். ஆனால் மாரத்தானில் குதிகால்கள் கொப்பளித்திருந்ததால் காலில் கம்பளிச் செருப்பு. எங்களைக் கண்டதும் புன்னகைத்து, உட்காரச் சொன்னார். சட்டத்தார் உட்காரவில்லை. நான் கேள்வியைச் சொன்னேன்: இவர் வில்லில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வரலாமா? போலீஸ்காரர் வாயைத் திறந்தார்.

“கொஞ்சம் பொறுங்கோ” என்றார் அவர் என்னிடம். கண்கள் சுவரில் இருந்தன. அங்கே ஆணியில் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. “தொப்பியைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்லுங்கோ.”

மொழிபெயர்ப்பவளுக்கு எதையும் விட்டுவிட உரிமை இல்லை. நான் சொன்னேன். போலீஸ்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே போய்த் தொப்பியை எடுத்து அணிந்து, அதன் விளிம்பை நெற்றியில் நேராக்கி, மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்று சொன்னார். இவர் வசிக்க வேண்டியது இந்த மாநிலத்தில். சுவிட்சர்லாந்துக்குள் யாரையும் பார்க்கப் போகலாம், வரலாம்.

நான் சொல் மாறாமல் தமிழில் சொன்னேன். அவர் அசையவில்லை.

“எப்ப இருந்து?”

கேட்டேன். போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தி விடை சொன்னார்.

“ஆரம்பத்துலேருந்தே, அண்ணா.”

அவர் மேசையின் விளிம்பை ஒரு விரலால் தொட்டார்.

“அப்ப எனக்கு ஆர் சொன்னது?”

அதை மொழிபெயர்க்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது. போலீஸ்காரரும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றாமலே நின்றிருந்தார்.

பங்குனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் அவரும் ரயிலில் வில்லுக்குப் போனோம். சோலோதுர்னிலிருந்து ஒல்டனுக்குப் போகும் தண்டவாளமே இடையில் சற்று தூரம் பேர்ண் மாநிலத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. எனக்கு அது தெரியும், சொல்லவில்லை. அவர் இருக்கையின் விளிம்பில், குதிகால்களைத் தரையில் படவிடாமல் தூக்கி வைத்துக்கொண்டு, பயணம் முழுவதும் அமர்ந்திருந்தார். கழற்றாத மேலாடைக்குள் பயணச்சீட்டைப் பிடித்திருந்த கையை வெளியே எடுக்கவே இல்லை.

வில் நிலையத்தில் தங்கை அழுதார். குழந்தை அழவில்லை, தொலைபேசியில் கேட்ட குரலை அந்த உயரமான மனிதரோடு பொருத்திப் பார்ப்பதற்காக, தலையை அண்ணாந்து, “மாமா, கதையுங்கோ” என்றது.

காது குத்தும் ஆள் என்று தமிழர்களுக்குள் அப்போது யாரும் அங்கே இல்லை. கடைத்தெருவில் ஒரு நகைக்கடையில், சிறு துப்பாக்கி போன்ற ஒரு கருவியால், ஒரு நொடியில் குத்திவிடுவார்கள். தங்கை வீட்டிலிருந்தே தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் கற்கண்டும் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர்கள் அதற்கு மோதிரப் பெட்டிகளை நகர்த்தி இடம் கொடுத்தார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தங்கையின் கணவர் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினார்.

வெள்ளை மேலங்கி அணிந்த பெண்மணி கருவியோடு வந்தார். மடியைப் பார்த்தார். இவர் தந்தையா என்று என்னிடம் கேட்டார். இல்லை, தாய்மாமன் என்றேன். அப்படியானால் முடியாது என்றார். கடினமாகச் சொல்லவில்லை, கடையின் ஒழுங்கைச் சொல்பவராகவே சொன்னார். சிறு குழந்தைகளைத் தாயோ தந்தையோதான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் தமிழில் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியத்தையும் சொன்னேன்.

தங்கையின் கணவர் தரையைப் பார்த்தார். தங்கைக்கு அண்ணனைத் தெரியும். தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

“பரவாயில்லை, அண்ணை. தாங்கோ. நான் வைச்சிருக்கிறன். நீங்கள் பக்கத்திலை நிண்டால் காணும்.”

அவர் வெள்ளை மேலங்கியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார், மலையில் போலீஸ்காரரைப் பார்த்தது போலவே. இந்தப் பெண்மணி டியூட்டியில் இருந்தார். அதில் ஐயமில்லை. அவருடைய கைகள் குழந்தையின் இடுப்பிலிருந்து சற்றுத் தளர்ந்ததைக் கண்டேன்.

பிறகு அவை மறுபடி இறுகின.

“இல்லையெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி.”

நான் அவர் சொன்னதைச் சரியாகத்தான் கேட்டேனா என்று அவரைப் பார்த்தேன்.

“மாமன்தான் வைச்சிருக்கிறது. எங்களிலையும் சொல்லியிருக்கினம்.”

நான் ஜெர்மனில் சொன்னேன். அந்தப் பெண்மணி கடைவாசலை ஒருமுறை பார்த்தார், தட்டில் இருந்த தேங்காயைப் பார்த்தார், பிறகு குழந்தையின் பக்கம் குனிந்து, அப்படியானால் நன்றாக இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றார். கருவி ‘டக்’ என்றது. குழந்தை வீறிட்டு, முதுகை வளைத்து, இரண்டு கால்களாலும் அவருடைய முழங்கால்களை உதைத்தது. அவர் அசையவில்லை. அப்போதுதான் அவருடைய சப்பாத்துகளைப் பார்த்தேன். குதிகாலும் விரலும் கடையின் கம்பளத்தில் முழுதாகப் பதிந்திருந்தன.

இரண்டாவது காதுக்கும் அவர் காலை எடுக்கவில்லை.